தொட்டியின் மூன்று பக்கம்

அந்த மடத்தில் பாத்திரம் தேய்ப்பவர் ஒருவர் இருந்தார். கேள்வி கேட்பவள் ஒருத்தி இருந்தாள். இருவருக்கும் ஒரே குரு.

குருவின் பெயர் உலகம்மை. தென்காசிக்கு மேற்கே, மாலையில் மலையின் நிழல் முற்றம்வரை வந்து விழுகிற இடத்தில் மடம். உலகம்மை காவி கட்டுவதில்லை. காவி எங்கே என்று கேட்பவர்களிடம், "துவைக்கப் போட்டிருக்கு" என்பார். எத்தனை முறை கேட்டாலும் அது துவைக்கத்தான் போயிருக்கும்.

பாத்திரம் தேய்ப்பவர் குற்றாலலிங்கம். குருவைவிட வயதில் மூத்தவர். ஒரு காலத்தில் தென்காசித் தேரடியில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு மடத்துக்கு வந்தார். கையை விட்டுவிட்டு வர முடியவில்லை. குத்துவிளக்கு, தாம்பாளம், சொம்பு, மணியின் நாக்கு, எதைக் கண்டாலும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பார். அவர் தேய்த்த சொம்பில் முகம் பார்த்துத் திருநீறு பூசிக்கொள்ளலாம். குருவே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

கேள்வி கேட்பவள் பேராச்சி. கல்லூரியைப் பாதியில் விட்டவள். அவள் மடத்துக்கு வந்ததற்கு ஒரே காரணம்தான். வீட்டில் கேள்வி கேட்டால் அடி. கல்லூரியில் கேட்டால் வெளியே நில். இங்கே கேட்டால் பதில் வந்தது. பதில் வரும் இடம் வேறெங்கும் இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு மாலை, சபையில் உலகம்மை பேசிக்கொண்டிருந்தார். ஆசையைக் குறைத்தால் துன்பம் குறையும் என்றார்.

பேராச்சி எழுந்தாள்.

"பசியோட இருக்கிறவன்கிட்டப் போய் ஆசையைக் குறைன்னா, அது யாருக்கு வசதி அம்மை?"

சபை திரும்பிப் பார்த்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள்.

"சாப்பிட்டவனுக்கு," என்றார் உலகம்மை. "அதனாலதான் சாப்பாட்டுக்கு அப்புறம் பேச ஆரம்பிச்சேன். நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"அப்ப இது உனக்குத்தான். உக்காரு."

"இன்னொரு கேள்வி இருக்கு."

"கேளு."

அந்த இன்னொரு கேள்வி முடிவதற்குள் விளக்கில் எண்ணெய் தீர்ந்துவிட்டது.

சபை கலைந்தபின் குற்றாலலிங்கம் குருவிடம் வந்தார்.

"அந்தப் பிள்ளையை அனுப்பிருங்க அம்மை."

"எதுக்கு அண்ணாச்சி?"

"சபையே கலங்குது. நீங்க ஒண்ணு சொன்னா அவ ஒன்பது கேக்கா. வந்தவங்க என்ன நினைப்பாங்க? ஒரு இடம்னா தெளிவா இருக்க வேண்டாமா?"

உலகம்மை கிழக்கு ஜன்னலைப் பார்த்தார். அங்கே ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அரிசி ஆலை பொன்னுத்துரை, பேரன் பிறந்த சந்தோஷத்தில் தங்கமீன்களோடு மடத்துக்குக் கொடுத்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு குற்றாலலிங்கத்துடையது. அவர் அதையும் ஒரு பூஜைப் பாத்திரமாகத்தான் எடுத்துக்கொண்டார். தினம் காலையில் மீன்களை வாளியில் விடுவார். பழைய தண்ணீரை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் கொட்டுவார். நான்கு சுவரையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, அலசி, கிணற்றிலிருந்து அப்போதே இறைத்த தண்ணீரை விளிம்புவரை ஊற்றி, மீன்களை மறுபடி உள்ளே விட்டு, தொட்டியின் நெற்றியில் மூன்று விரலால் திருநீறு இடுவார்.

"தண்ணி தெளிவா இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டார் உலகம்மை.

"பளிங்கு மாதிரி."

"பொன்னுத்துரை எத்தனை மீன் கொடுத்தாரு?"

குற்றாலலிங்கம் தொட்டியைப் பார்த்தார். "ஆறு."

"இப்ப?"

"ரெண்டு."

செத்த நான்கையும் அவர்தான் நந்தியாவட்டைச் செடியடியில் புதைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூ போட்டார். ஒவ்வொரு முறையும், தேய்த்தது போதவில்லை என்று நினைத்துக்கொண்டு இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

"சரி," என்றார் உலகம்மை. "இந்த ரெண்டு மீனும் சித்திரை விசு வரைக்கும் உசிரோட இருந்தா, நீங்க கேட்டதைச் செய்யுதேன்."

"செத்துப்போனா?"

"அவ இருப்பா. நீங்க அதுக்கப்புறம் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது."

குற்றாலலிங்கம் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மடத்தில் எந்தச் சேதியும் அடுப்படியைத் தாண்டாமல் நிற்காது. மறுநாள் காலை பேராச்சி வேகமாக வந்து குருவின் முன்னால் நின்றாள்.

"நான் இங்க இருக்கதும் போறதும் மீனைப் பொறுத்தா?"

"யாரு சொன்னா?"

"அடுப்படியில சொன்னாங்க. உண்மையா, இல்லையா?"

"உண்மை."

"இது என்ன நியாயம் அம்மை? நான் தப்பு பண்ணினா அனுப்புங்க. சரியாப் பண்ணினா வச்சுக்கிடுங்க. மீன் பொழச்சா நான் வெளிய, மீன் செத்தா நான் உள்ளயா? அந்த மீனுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?"

"நீ எதுக்கு இவ்வளவு கோவப்படுத?"

"என்னைப் பத்தின முடிவை என்கிட்ட கேக்காம எடுத்தா கோவம் வராதா?"

"வரணும்," என்றார் உலகம்மை. அதோடு தன் நூலைப் பிரித்து வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

பேராச்சி திரும்பி நடந்தாள். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாயிற்று. பதிலும் வந்துவிட்டது. ஆனால் வாதத்தில் தோற்றவர் யார் என்று அவளுக்குப் புரியவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

குற்றாலலிங்கம் அன்றிலிருந்து தொட்டியை இரண்டு வேளை தேய்த்தார். நைவேத்தியப் பொங்கலில் ஒரு சிட்டிகை எடுத்து மீன்களுக்கு ஊட்டினார். நெய் மினுமினுத்து மேலே மிதந்தது. அதையும் வழித்து எடுத்துவிட்டுத் தேய்த்தார்.

சில நாளில் ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்தது. மற்றது தொட்டியின் மூலையில் அசையாமல் நின்றது. செவுள் மட்டும் திறந்து திறந்து மூடியது.

அவர் புளியைக் கரைத்துக்கொண்டு தொட்டியருகே வந்தார். பேராச்சி ஏற்கெனவே அங்கே நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றிருந்தாளோ, கண் சிவந்திருந்தது.

"இன்னிக்கு வேண்டாம் அண்ணாச்சி."

"ஏ பிள்ள, தள்ளு. அழுக்குல மூச்சு முட்டிக் கெடக்கு."

"அழுக்கு எங்க இருக்கு?"

"என்னது?"

"தொட்டியில அழுக்கு இருக்குங்கீங்க. எங்க இருக்கு? காட்டுங்க."

குற்றாலலிங்கம் குனிந்து பார்த்தார். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். விரலால் கண்ணாடியைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அவர் தேய்த்த பாத்திரத்தில் அழுக்கு இருந்தால்தான் அதிசயம்.

"இல்ல," என்றார்.

"அப்ப எதைத் தேய்க்கப் போறீங்க?"

அவர் வாய் திறந்தார். மூடினார். மீனைப்போலவே இருந்தது.

"தினம் தேய்க்கது. வழக்கம்," என்றார்.

"வழக்கம் நாலு மீனை மண்ணுக்குள்ள வச்சாச்சு."

"உனக்கு என்னளா வந்துச்சு? இது செத்தா உனக்குத்தான லாபம்?"

"அது வேற வழக்கு. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. எதைத் தேய்க்கப் போறீங்க?"

 அவர் கை தன் போக்கில் தொட்டிக்குள் போனது. பேராச்சி அந்தக் கையிலிருந்த புளியைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வெளியே எறிந்தாள்.

அண்ணாச்சியிடம் யாரும் அப்படி நடந்துகொண்டதில்லை. கடையில் இருந்த காலத்திலும் இல்லை. அவர் முகம் கறுத்தது.

"சரி. இனி நான் தொடல. தண்ணி குறைஞ்சா ஊத்துவேன், அவ்வளவுதான். செத்தா உன் பேர்ல."

"இருக்கட்டும்."

"பொங்கலும் போடல."

"ரொம்ப நல்லது. நெய் அதுக்கு ஆகுமான்னு நானே கேக்கணும்னு இருந்தேன்."

தேய்ப்பு நின்றது. மாசி வெயில் கிழக்கு ஜன்னல் வழியாகத் தொட்டிக்குள் இறங்கியது. முதலில் கண்ணாடியின் மூலையில் ஒரு மங்கல். பிறகு பின்சுவரில் கைக்குட்டை அளவுக்குப் பச்சை. பிறகு அந்தப் பச்சை பக்கங்களுக்கு நடந்து வந்தது.

குற்றாலலிங்கத்துக்கு அந்த நாட்கள் நரகம். தொட்டியைக் கடக்கும்போது துண்டால் முகத்தை மறைத்துக்கொள்வார். ஒருநாள் நடந்துகொண்டிருந்தவர் சட்டென்று நின்று, தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். கை தேய்க்கக் கிளம்பியிருந்தது.

மீன்கள் என்னவோ நிமிர்ந்துவிட்டன. சாய்ந்து கிடந்தது நேராக நீந்தியது. மூலையில் நின்றது, பின்சுவரில் வாயை வைத்துப் பாசியைக் கொத்திக் கொத்தித் தின்றது. வெயில் ஏறும் நேரத்தில் பாசியின்மேல் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டிக்கொண்டு மினுங்கின. ஒன்றொன்றாகக் கழன்று மேலே போயின.

குற்றாலலிங்கம் அதைப் பார்த்துவிட்டார். பார்க்காததுபோல நடந்தார். மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி வந்தார். மூன்றாம் முறை ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தே விட்டார்.

பொன்னுத்துரை ஒருநாள் வந்தார். தொட்டியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்ற மறந்து நின்றார்.

"என்ன அண்ணாச்சி, கண்ணாடித் தொட்டி கொடுத்தேன். தெப்பக்குளமா ஆக்கி வச்சிருக்கீங்க? தேரடியில உங்க கடைச் சொம்பு பத்து வீடு தள்ளி மின்னுமே. கையில வலு போச்சா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். குற்றாலலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். பேராச்சிக்குத் தாங்கவில்லை.

"கொடுத்தது மீனா, கண்ணாடியா?" என்று கேட்டாள்.

"யாரு இந்தப் பிள்ளை?" என்றார் பொன்னுத்துரை.

"இங்க இருக்கிற பிள்ளைதான்," என்றார் குற்றாலலிங்கம். சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் திகைத்ததுபோல இருந்தது.

அன்று சபை முடிந்ததும் பேராச்சி குருவைத் தொட்டியருகே கூட்டிவந்தாள். அவளிடம் கேள்வி இல்லாத நாள் ஏது?

"அம்மை, இந்தப் பாசி அழுக்கா, இல்லையா?"

"யாருக்கு?"

"யாருக்கா இருந்தா என்ன? அழுக்குன்னா அழுக்கு."

"மீன் தின்னா கழிக்குமா?"

"கழிக்கும்."

"அது எங்க போகுது?"

"தண்ணியிலதான்."

"அந்தத் தண்ணியிலதான மீன் மூச்சு விடுது. தினம் புதுத் தண்ணியில மாத்திப் போட்டா மீன் தாங்காது. மாத்தாம கழிச்சது அப்படியே கெடந்தா அதுவே மீனுக்கு விஷம். கண்ணுக்குத் தெரியாது, பளிங்கு மாதிரிதான் இருக்கும். அந்த விஷத்தைத் தின்னுதான் பாசி பச்சையாகுது. வெயில் பட்டா மூச்சையும் திருப்பிக் கொடுக்குது."

"அப்ப பாசி எவ்வளவு இருந்தாலும் நல்லதுதான?"

உலகம்மை அவளை ஒருமுறை பார்த்தார். அப்படியே உள்ளே போய்விட்டார்.

பங்குனியில் பாசி சுவரை விட்டுத் தண்ணீருக்குள் கிளம்பியது. நூல்நூலாக நீண்டு, பின்னிக்கொண்டு, தொட்டிக்குள் மீன் திரும்ப இடமில்லாமல் ஆனது. ஒரு விடியற்காலை குற்றாலலிங்கம் விளக்கேற்ற வந்தபோது, இரண்டு மீனும் நீர்மட்டத்தில் வாயை வைத்து வெளிக்காற்றை வாங்கிக்கொண்டிருந்தன.

அவர் அடுப்படிக்கு ஓடினார். புளியோடு திரும்பினார். வழியில் பேராச்சி.

"சொன்னேனா, இல்லையா?" என்றார். "விட்டா இப்படித்தான் ஆகும். இன்னிக்கு வேரோட எடுக்கேன்."

"எல்லாத்தையும் எடுத்தா பழையபடி ஆயிரும் அண்ணாச்சி."

"எடுக்காம இருந்தா இப்பவே ஆயிரும். மீனைப் பாரு."

பேராச்சி மீனைப் பார்த்தாள். அவளிடம் வாதம் இல்லை. அந்த மடத்தில் அது முதல் தடவை.

சத்தம் கேட்டு உலகம்மை வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கைவரை கையைத் தொட்டிக்குள் விட்டார். மிதந்த நூல்பாசியைக் கை நிறைய வழித்து எடுத்து வாளியில் போட்டார். மறுபடி எடுத்துப் போட்டார். பிறகு ஒரு பழந்துணியை நனைத்து, தொட்டியின் முன்பக்கத்தை மட்டும் துடைத்தார். பச்சைக்குள் ஒரு ஜன்னல் திறந்தது. அதற்குள் தங்கம் அசைந்தது.

துணியைக் கீழே வைத்துவிட்டார்.

"மத்த மூணு பக்கம்?" என்றார் குற்றாலலிங்கம்.

"நாம பாக்க ஒரு பக்கம் போதாதா அண்ணாச்சி?"



பேராச்சி கேட்டாள். "மூச்சுக் கொடுக்குதுன்னு சொன்னீங்க. பிறகு எதுக்கு மூச்சு முட்டுச்சு?"

"பகல் முழுக்க மூச்சுக் கொடுக்கும். இருட்டிட்டா தானும் வாங்கும். தொட்டி முழுக்கத் தானே இருந்தா, மீனுக்கு என்ன மிஞ்சும்?"

பேராச்சி வாளியைத் தூக்கிக்கொண்டு போய், பாசியை வாழையடியில் கொட்டிவிட்டு வந்தாள். அன்று மாலை சபையில் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். பதில் முடியும்வரை உட்கார்ந்திருந்தாள். முன்பக்கத்தைத் துடைப்பது அதன்பின் குற்றாலலிங்கத்தின் வேலை ஆயிற்று. துடைத்து முடித்ததும் துணியைத் தூரமாகக் கொண்டுபோய் வைத்துவிடுவார்.

சித்திரை விசு வந்தது. வருஷப் பிறப்புக்கு மடத்தில் கனி வைத்தார்கள். பூஜை முடிந்து கூட்டம் பாயசத்துக்குப் போனபின் உலகம்மை இருவரையும் தொட்டிக்கு முன்னால் கூப்பிட்டார். இரண்டு மீனும் கொழுத்து, வால் வீசி நீந்திக்கொண்டிருந்தன.

"ஜெயிச்சுட்டீங்க அண்ணாச்சி. அவளை அனுப்பிரட்டுமா?"

பேராச்சியின் பை ஏற்கெனவே கட்டி வாசலில் இருந்தது.

குற்றாலலிங்கம் அந்தப் பையைப் பார்த்தார்.

"இவ இருந்தா, நாளைக்கும் கேள்வி கேப்பாளா?"

"கேப்பா."

"என்கிட்டயுமா?"

"உங்ககிட்டயும்."

"பதில் தெரியாம நான் முழிப்பேனா?"

"முழிப்பீங்க."

"நாலு பேர் முன்னாடி?"

"நாலு பேர் முன்னாடி."

அவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப இருக்கட்டும்," என்றார்.

"முடியாது," என்றாள் பேராச்சி.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"பந்தயம்னா பந்தயம். மீன் பொழச்சிருச்சு, நான் போணும். அண்ணாச்சி இரக்கப்பட்டு நான் இங்க இருக்க வேண்டாம்."

"இரக்கம்னு யாரு சொன்னா?" என்றார் குற்றாலலிங்கம்.

"வேற என்ன? அதோட, அம்மை, நீங்க வச்ச பந்தயமே தப்பு. மீன் சாகணும்னு நான் வேண்டியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"வேண்டினியா?"

பேராச்சி தரையைப் பார்த்தாள்.

"ஒரு காலையில," என்றாள். "விடியதுக்கு முன்னயே வந்து நின்னேன். அது சாஞ்சு கெடந்துச்சு. இன்னிக்கு ஒருதடவை தேய்ச்சா முடிஞ்சிரும், நான் இங்கயே இருந்துக்கிடலாம்னு நினைச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அண்ணாச்சி வந்தாரு. கையில புளி இருந்துச்சு. பிடுங்கி எறிஞ்சேன்."

குற்றாலலிங்கம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கைகள் இரண்டும் சும்மா இருந்தன.

"என்னை எதுக்கு வச்சுக்கிடணும்?" என்றாள் பேராச்சி. குரல் உடைந்திருந்தாலும் வழக்கை விடவில்லை. "அதைச் சொல்லுங்க. இரக்கம் இல்லாத காரணம் ஒண்ணு சொல்லுங்க, இருக்கேன்."

தொட்டிக்குள் ஒரு மீன் பின்சுவருக்குப் போய், பாசியில் ஒரு வாய் கடித்து இழுத்தது. அந்த இடத்தில் கண்ணாடி வெறுமையாகத் தெரிந்தது.

உலகம்மை அதைக் காட்டினார்.

"இரக்கப்பட்டு எந்த மீனும் பாசியை வச்சுக்கிடல. தனக்கு வேணும்னுதான் கடிச்சுத் திங்குது. நாளைக்கும் கடிக்கும். கடிச்ச இடத்துலயே உன்னால மறுபடி முளைக்க முடியும்னா, உக்காரு."